முழுக்கும் தெளிப்பும் கல்லறை வரை எதற்கு?

ஐயா,

ஞானஸ்நானம் பற்றிச் சபைகளுக்குள் நடக்கும் பிணக்கு குறித்து ஞாயிறன்று வெளியான தங்கள் கட்டுரையைப் படித்தேன். குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தால் போதுமா, விசுவாசித்த பிறகு முழுக்கு எடுக்க வேண்டுமா என்பது இன்றைக்கு நேற்றைக்குக் கிளம்பிய கேள்வி அல்ல. தெளிப்புக்காரர்கள், வீட்டார் என்றால் குழந்தைகளும்தானே என்று, சிறைச்சாலைக்காரனின் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்ற பைபிளின் அப்போஸ்தலர் 16-ஐக் காட்டுவார்கள், முழுக்குக்காரர்கள் முதலில் விசுவாசம், அப்புறம்தான் ஞானஸ்நானம் என்று மாற்கு 16-ஐக் காட்டுவார்கள் (இரண்டுமே பதினாறாம் அதிகாரம்!). வாதாடட்டும், தப்பில்லை. யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டாரா என்ற முன்குறித்தல் பற்றி, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரசங்கிகளான ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் அச்சிலேயே மோதிக்கொண்டவர்கள்தான். ஆனாலும் 1770-இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. நம் ஊரிலோ சண்டை கல்லறைத் தோட்டத்து வாசலில் வந்து நிற்கிறது.

என் மாமா பரம்பரையாக, குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு எடுத்தார். அவர் இறந்த அன்று, அவர் அப்பா அம்மா அடங்கியிருக்கும் தோட்டத்தில் இடம் தரலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கவே மதியம் ஆகிவிட்டது, அத்தை அதுவரை பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சேகரக் கமிட்டிகள் (திருச்சபையின் வட்டார நிர்வாகக் குழுக்கள்) இதற்கு ஒரு விதியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்: குடும்பக் கல்லறை இருந்தால் இடம் உண்டு, ஆராதனையை யார் நடத்துவது என்பது வீட்டார் விருப்பம்.

ஒரு வாசகர்