ஆடிட் வாரத்தில் மட்டும் பளபளக்கும் தொழிற்சாலைகள்

ஆசிரியருக்கு வணக்கம். அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகளில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன் நான். எங்கள் பக்கம் நிறைய கம்பெனிகளில் வாசலைத் தாண்டியதும் தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். மூன்று வருடம் செல்லும் சான்றிதழ் அது, நடுவில் வருடா வருடம் ஆடிட்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் வருவதற்கு முந்தின வாரம் பார்க்க வேண்டுமே! மெஷினுக்கெல்லாம் பெயின்ட், கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதி தாண்டிய மைக்ரோமீட்டர்கள் பீரோவுக்குள், ஆறு மாத ட்ரெய்னிங் பதிவேட்டில் ஒரே பேனாவில் கையெழுத்து.

சரி, கம்பெனிக்குள்ளேயே நடத்தும் இன்டர்னல் ஆடிட்டாவது உருப்படியாக நடக்கிறதா? ஒன்று சொல்கிறேன். துளை அளவை வாடிக்கையாளர் மாற்றிவிட்டார், புது டிராயிங்கும் வந்துவிட்டது, ஆனால் லேத் பக்கத்தில் தொங்கியது பழைய காப்பி; ஆபரேட்டர் கண்ணெதிரே இருந்ததைப் பார்த்து ஓட்டினார், அத்தனையும் ரிஜெக்ட். ஆடிட்டில் என்.சி. (நான்-கன்ஃபார்மிட்டி, அதாவது விதிப்படி இல்லாத குறை) எழுதினார்கள். எடுத்த நடவடிக்கை: 'ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.' ஃபைல் மூடியாயிற்று. பழைய காப்பியைத் திரும்ப வாங்குவது யார் வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை, அடுத்த ஆடிட்டில் அதே என்.சி. வேறு மெஷினில் வந்து நின்றது. இதே தவறு வேறு இடத்திலும் இருக்கிறதா, எடுத்த நடவடிக்கை பலித்ததா என்று பார்க்கச் சொல்லி ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பின் 10.2 பிரிவிலேயே இருக்கிறது. எந்தப் பகுதியை எத்தனை முறை தணிக்கை செய்வது என்பதையும் அதன் முக்கியத்துவத்தையும் முந்தைய முடிவுகளையும் வைத்து முடிவு செய்யச் சொல்கிறது 9.2 பிரிவு. நாமோ ஸ்டோருக்கும் வருடம் ஒரு முறை, ரிஜெக்‌ஷன் கொட்டுகிற லைனுக்கும் வருடம் ஒரு முறை.

என்.சி. வாங்கிய இன்சார்ஜை மீட்டிங்கில் நிற்க வைத்துக் காய்ச்சினால் அடுத்த தடவை அவர் எதைக் காட்டுவார்? ஒரு என்.சி. கூட இல்லை என்று ஸ்வீட் கொடுத்த முதலாளியையும் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் முடியாத காரியமில்லை. பக்கத்துப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு 1998இலேயே தர மேலாண்மைக்கு ஜப்பான் தரும் டெமிங் விருதை வாங்கியது. சிறு கம்பெனிக்கு அவ்வளவு வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் என்.சி.க்களை மட்டும் தனியாக எழுதி மாதம் ஒரு தடவை முதலாளியே உட்கார்ந்து பார்த்தால் போதும்.

சப்ளையரைப் பார்க்க வரும் பெரிய கம்பெனிக்காரர்களும் சான்றிதழ் நகலை வாங்கி ஃபைலில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டு, போன வருட என்.சி. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அந்த மெஷினுக்குப் போகட்டும். டீ, பிஸ்கட்டெல்லாம் அப்புறம்.

– ஒரு வாசகர், அம்பத்தூர்