நித்யாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள நித்யா,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று முடித்துவிடுகிறாய். நானும் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் அண்ணன் வீடு மாறிவிட்டான். மற்ற செய்திகள் பிறகு.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது டம்ளரை இடது கையில் பிடித்திருந்தாய். கண்ணில் பட்டது, சொன்னேன், அவ்வளவுதான்.

உன் ஊரில் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற உன் நரம்பு நோய் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை கூடும் கூட்டத்தின் விவரத்தை மூன்று முறை அனுப்பினேன். பார்த்திருக்கிறாய், பதில்தான் இல்லை. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒன்று நீ அறிய மாட்டாய். குடும்பத்தாருக்கென்று தனியாக நடக்கும் கூட்டத்துக்கு நான் பதினான்கு மாதமாகப் போய்வருகிறேன். அங்கே கேட்டதையும் படித்ததையும் வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

புதிதாக நோய் தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு வராததற்கு ஒரே காரணத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள்: சக்கர நாற்காலியில் ஒருவரைப் பார்த்தால் 'நாளைக்கு நானும் இப்படித்தானோ' என்று தோன்றிவிடும் என்கிற பயம். நியாயமான பயம்தான். ஆனால் எம்.எஸ். ஒருவருக்குப் போன பாதையில் இன்னொருவருக்குப் போவதில்லை. தொடக்கத்தில் நூற்றில் எண்பத்தைந்து பேருக்கு வந்து வந்து தணியும் வகைதான், உனக்கும் அதுவே. மூளையிலோ தண்டுவடத்திலோ எந்த இடத்தில் நரம்பின் மயலின் உறை உரிந்தது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் கால், ஒருவருக்குக் கை. ஆகவே முதல் தடவையே கூட்டத்துக்குள் நுழைய வேண்டாம். பொறுப்பாளரிடம், "என் வயதில், நோய் தெரிந்து நாலைந்து வருடம் ஆனவர் யாராவது முதலில் போனில் பேசுவார்களா?" என்று கேள். நன்றாக நடக்கும் குழுக்களில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். இரண்டு மூன்று முறை பேசிவிட்டுப் போனால் உள்ளே நுழையும்போது தெரிந்த குரல் ஒன்றாவது இருக்கும்.

நல்ல குழுவா என்று பார்த்ததும் தெரிந்துவிடும். கூட்டம் காலையில் இருக்கும், ஏனென்றால் பிற்பகலில் பலருக்கும் அசதி கூடிவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க மாட்டார்கள். அறை குளிர்ச்சியாக இருக்கும், படி ஏற வேண்டியிருக்காது, கழிப்பறை பக்கத்திலேயே இருக்கும். நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று பார், ஊன்றி எழ அது வேண்டும். புதியவர்களை வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த மாட்டார்கள். நீ ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.

கெட்டுப்போகும் குழுவையும் சொல்கிறேன். ஒருவரே முழு நேரமும் பேசுவார். ஸ்கேன் படங்களை ஒருவருக்கொருவர் காட்டி "உனக்கு எத்தனை புள்ளி, எனக்கு எத்தனை" என்று ஒப்பிடுவார்கள். ஸ்கேனில் தெரியும் பாதிப்புப் புள்ளிகளின் எண்ணிக்கையும் உடம்பு படும் பாடும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்க வேண்டும் என்பதில்லை, அந்தப் பேச்சால் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். மருந்தை விட்டுவிட்டு வேறு எதையோ வாங்கச் சொல்லும் ஆள் ஒருவர் நுழைந்திருப்பார். பொறுப்பாளர் அவரை அந்த இடத்திலேயே நிறுத்தவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. எல்லா வேலையையும் ஒரே ஆள் தூக்கிச் சுமக்கும் குழுவும் நிலைக்காது. அவரும் பெரும்பாலும் நோயாளிதான். அவர் படுத்தால் குழுவும் படுத்துவிடும். அழைக்க ஒருவர், இடம் பார்க்க ஒருவர், புதியவர்களைக் கவனிக்க ஒருவர் என்று மூன்று பேராவது இருக்கிறார்களா பார். நீ கணக்குவழக்கில் கெட்டிக்காரி, பின்னாளில் அதை உன்னிடமே கொடுப்பார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் குழுச் செய்திகளைப் படிப்பது கூட்டத்துக்குப் போவதாகாது. அங்கே எழுதுகிறவர்களில் பலர் அன்றைக்கு மோசமாக இருப்பவர்கள். நன்றாக இருப்பவன் வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருப்பான். போய் உட்கார், நித்யா. ஒரே ஒரு தடவை.

கையையோ காலையோ பற்றி ஒன்று. இது பொதுவாகச் சொல்வது. புதிதாக மரத்துப்போவது, பிடி தளர்வது, பார்வை மங்குவது, சிவப்பு வெளிறித் தெரிவது எதுவாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், காய்ச்சலும் தொற்றும் இல்லை என்றால், அதைத்தான் ரிலாப்ஸ் என்கிறார்கள். அன்றைக்கே நியூரோ டாக்டரையோ எம்.எஸ். நர்ஸையோ கூப்பிட வேண்டும். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதை வீண் வேலை என்று நினைக்காதே. சிறுநீர்த் தொற்று இருந்தாலே பழைய பாதிப்புகள் எல்லாம் திரும்ப வந்தது போலக் காட்டும். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்று இன்னும் மோசமாகலாம். உண்மையான ரிலாப்ஸ் என்றால் வழக்கமாக மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். சீக்கிரம் தேறுவதற்குத்தான் அது. நோயின் நீண்ட காலப் போக்கை மாற்றுவது தொடர்ந்து எடுக்கும் மருந்துதான்.

அந்த மருந்தைப் போட்டாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது. நன்றாக இருக்கும்போது நன்றாகவே இருக்கும், அவ்வளவுதான். அதனாலேயே நிறையப் பேர் 'இது எதற்கு' என்று நிறுத்திவிடுகிறார்கள். ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்ற சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பவும் கூடும். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போய் அலுத்துவிட்டது என்றால் அதை டாக்டரிடமே சொல்லலாம், இன்று மாற்று மருந்துகள் பல இருக்கின்றன. ஒளிக்க அதில் ஒன்றுமில்லை. நீ நிறுத்தியிருக்கிறாய் என்று சொல்லவில்லை.

வெயிலிலோ வெந்நீர்க் குளியலிலோ கை தளர்ந்து, உடம்பு குளிர்ந்ததும் சரியாகிவிட்டால் அது வேறு. உத்தாஃப் என்ற கண் மருத்துவர் 1890-லேயே எழுதிவைத்த விஷயம் அது. உறை உரிந்த நரம்பில் உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே செய்தி தடைபடும். புதிய சேதம் எதுவும் இல்லை. குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடி, மணிக்கட்டில் ஈரத்துணி வை, அரை மணி நேரம் பொறு. சூடே இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் டம்ளரைக் கை மாற்ற வேண்டியிருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கூட்டத்தில்தான் பேச முடியும் என்று சில விஷயங்கள் உண்டு. அப்பாவிடம் பேசக் கூச்சமாக இருக்கும். சிறுநீர் அவசரம் அதிலொன்று. பலரும் வெளியே போகும் நாளில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். தப்பு அது. சிறுநீர் அடர்ந்து பை இன்னும் எரிச்சலாகும், தொற்று வரும், தொற்று வந்தால் நான் மேலே சொன்ன போலி ரிலாப்ஸ். சிறுநீர் கழித்த பிறகும் பையில் எவ்வளவு தேங்குகிறது என்று ஒரு சின்ன ஸ்கேனில் பார்த்துவிடலாம், வலியே கிடையாது. 100 மில்லிக்கு மேல் தேங்கினால், அதை வெளியேற்றும் மெல்லிய குழாயை (கதீட்டர்) நாமே வைத்துக்கொள்ளக் கற்றுத்தருவார்கள். கேட்கப் பயமாக இருக்கும். பழகியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "இரண்டே வாரம், அப்புறம் பல் துலக்குவது மாதிரி" என்று சொன்னால் அந்தப் பயம் போய்விடும். டாக்டர் சொன்னால் அந்த அளவுக்குப் போகாது. கல்யாணம், குழந்தை பற்றியும் அங்கே கேட்கலாம். கர்ப்ப காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் ரிலாப்ஸ் குறையும், பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடும். அந்த மூன்று மாதத்துக்கு வீட்டில் யார் துணை என்பதைத் தாய்மார்கள் முன்கூட்டியே எப்படித் திட்டமிட்டார்கள் என்று அவர்களே சொல்வார்கள். மனம் சோர்ந்துபோவதையும் சொல். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வருகிறது. அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

அலுவலகத்தில் நோயின் கதையை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் போதும்: குளிர்ச்சியான, கழிப்பறைக்குப் பக்கத்து இடம், மத்தியானம் பதினைந்து நிமிட ஓய்வு, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை. அசந்து விழுந்த பிறகு எடுக்கும் ஓய்வு பலன் தராது. விழும் முன் எடுக்க வேண்டும். சலுகைக்கோ சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கிறாய் என்றால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவை: மணி, செய்த வேலை, பிறகு என்ன ஆனது. "பத்துப் படி ஏற முடியுமா" என்று கேட்டால் நம் ஆட்கள் "முடியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். ஏறின பிறகு ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருந்ததைச் சொல்வதில்லை. நீயும் அப்படித்தான் சொல்வாய். எம்.ஆர்.ஐ. எடுத்த அன்றைக்குத் தனியாகப் போய்ப் படுத்து, தனியாக அறிக்கை வாங்கி, மறுநாள் வேலைக்கும் போன பெண் நீ. உன்னை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதே நினைப்பில் கோபமும் வருகிறது.

நியூயார்க்கில் சில்வியா லாரி என்று ஒரு பெண் இருந்தார். அவருடைய சகோதரனுக்கு எம்.எஸ். மருத்துவர்கள் கைவிரித்த காலம். 1945 மே 1-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்தார்: இந்த நோயிலிருந்து குணமானவர்கள் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று. பதில்கள் வந்தன. எழுதியவர்கள் குணமானவர்கள் அல்லர், அதே கேள்வியை வைத்துக்கொண்டு தனித்தனி வீடுகளில் உட்கார்ந்திருந்தவர்கள். மறு வருடமே அவர்களை வைத்துத்தான் அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் பிறந்தது. 1967-ல் சர்வதேசக் கூட்டமைப்பு. இன்று உலகம் முழுவதும் 28 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்கிறார்கள், மே 30-ஐ அவர்களுக்கான நாளாக வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரு வீட்டார் வெளியே சொன்னதில் தொடங்கியது.

நான் என்ன செய்தேன்? உனக்கு நோய் தெரிந்த அதே வாரம் பெரியம்மா கேட்டபோது "முதுகில் டிஸ்க் பிரச்சினை" என்றேன். நீ பக்கத்தில் இருந்தாய். அப்புறம் உன்னைத் தனியே கூப்பிட்டு, "யாரிடமும் சொல்லிவிடாதே அம்மா, பின்னால் உனக்குத்தான் கஷ்டம்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாய். உன் நன்மைக்கு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் சொல்லக் கூச்சமாக இருந்தது. சித்தப்பாவுக்கு நடந்ததற்கும் நாங்கள் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டோம், அது எங்கே கொண்டுவிட்டது என்பது உனக்குத் தெரியும். கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதை உன் பிடிவாதம் என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்ன சொல்லைத்தானே நீ காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய்? அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போன வாரம் பெரியம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டேன். "இதை ஏன்டா இத்தனை நாள் மறைத்தாய்" என்று மட்டும்தான் கேட்டார்.

கூட்டத்துக்குப் போகும்போது மருந்துச் சீட்டின் நகல், குடிதண்ணீர், கேட்க நினைக்கும் கேள்விகள் மூன்று, இவை போதும். திரும்பி வந்த அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதே, அசதியாக இருக்கும். முதல் தடவை மனசு கனத்துத்தான் வீடு திரும்புவாய் என்று அங்கே எல்லோருமே சொல்கிறார்கள். இரண்டாவது தடவையைப் பார்த்துவிட்டு முடிவு செய். நான் வேண்டுமானால் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே வர மாட்டேன்.

இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே. ஒரு தாளில் பேனாவால் நாலு வரி எழுதிப் படம் எடுத்து அனுப்பு. எந்தக் கையால் எழுதினாலும் சரி, எழுத்து எப்படி இருந்தாலும் சரி.

அன்புடன்,
அப்பா