வாடகையைக் கணக்கில் எடுக்காத பட்டியல்

ஆசிரியருக்கு,

வாழத் தகுந்த நகரங்களின் பட்டியல் வெளியானால் முதலிடம் எது, கடைசி இடம் எது என்பதோடு செய்தியை முடித்துவிடுகிறீர்கள். எப்படி அளந்தார்கள் என்று ஒரு பத்தி எழுதினால் என்ன?

இப்படி ஒரு பட்டியலைப் போடும் எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் 173 நகரங்களை எடுத்துக்கொண்டு, நிலைத்தன்மைக்கு (குற்றம், மோதல் போன்ற ஆபத்துகள் எவ்வளவு குறைவு என்பதற்கு) 25 சதவீதம், கலாசாரம், சுற்றுச்சூழல் இரண்டுக்கும் சேர்த்து 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு வெறும் 10 என்று பிரித்து மதிப்பெண் போடுகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் கேட்டால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். அதைவிடப் பெரிய ஓட்டை, வாடகையும் விலைவாசியும் இதில் கிடையாது, அதற்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்த மெல்பர்னில் வீட்டு விலை என்ன பாடு படுத்தியது என்று அங்கே வீடு தேடியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, பட்டியலே வீண் என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்கள் எவ்வளவு கூடுதல் படி தரலாம் என்று பார்க்க உதவும் அளவுகோல் இது. மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் போடும் பட்டியலும் அந்த ரகம்தான். வாடகையைக் கம்பெனியே கட்டுகிற ஆளுக்கு இது போதும். தவிர, பல மதிப்பெண்கள் ஆய்வாளர்களின் அபிப்பிராயத்தில் போடப்படுபவை. 2021இல் கொரோனா கட்டுப்பாடுகளால் வியன்னா 12ஆம் இடத்துக்கு இறங்கி, ஆக்லாந்து முதலிடத்துக்கு ஏறியது. மறு வருடமே வியன்னா மறுபடி முதலிடம்!

அடுத்த முறை மதிப்பெண் பிரிவுகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், முடிந்தால் அந்தந்த நகரத்தின் சராசரி வாடகையையும் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்