ஆஸ்திரியப் பயணத்தில் தேதி தவறியது: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வெளிநாட்டுப் பயணப் பிரிவு

ஐயா,

நீங்கள் வகுத்துத் தந்த திட்டப்படி நானும் என் தாயாரும் 2025 ஜூனில் ஆஸ்திரியா போய் வந்தோம். முன்பணம் கட்டும்போதே நான் கேட்டது ஒன்றுதான். ஹால்ஸ்டாட் ஏரியில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவன்று படகுகளில் நடக்கும் நற்கருணைப் பவனியை (கிறிஸ்துவின் உடலாகப் போற்றும் அப்பத்தை ஏந்திச் செல்லும் ஊர்வலத்தை) அம்மா பார்க்க வேண்டும், மற்ற ஊர்களை அதற்கேற்ப முன்பின் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். மின்னஞ்சலிலும் எழுதினேன்.

ஹால்ஸ்டாட்டுக்கு நீங்கள் ஒதுக்கியது ஜூன் 22, ஞாயிறு. ஆனால் அந்தப் பெருவிழா ஜூன் 19, வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. நம் ஊர்ப் பங்குக் கோவில்களில் இதை ஞாயிற்றுக்கிழமை கொண்டாடுகிறோம். அந்தத் தேதியையே அங்கும் போட்டுவிட்டீர்கள் போலும். ஆஸ்திரியாவில் அது வியாழக்கிழமைதான், நாடு முழுவதும் அரசு விடுமுறை. ஈஸ்டருக்கு 60 நாள் கழித்து வரும் விழா இது. ஈஸ்டர் ஏப்ரல் 20. அதோடு 60 நாளைக் கூட்டினால் ஜூன் 19. இதற்கு நாட்காட்டி ஒன்று போதும்.

அந்த வியாழனுக்கு உங்கள் திட்டத்தில் இருந்தது, ‘சால்ஸ்பர்க்கில் பொருள் வாங்குதல்’. விடுமுறை நாளில் அங்கே சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் சட்டப்படி மூடியிருக்கும். சர்க்கரை நோயாளியான அம்மாவுக்குப் பழமும் ரொட்டியும் வாங்க ரயில் நிலையம் வரை நடந்தோம். அன்று விழா என்பதே விடுதி வரவேற்பறையில் சொல்லித்தான் தெரிந்தது. ஹால்ஸ்டாட்டுக்கு ரயில் மாறிப் போய், எதிர்க்கரையில் இறங்கி, படகில் ஏரியைக் கடக்க வேண்டும். காலையில் தொடங்கும் பவனிக்கு எப்படிப் போய்ச் சேர்வது?

17ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் பவனி அது. நற்கருணை வைத்த கதிர்பாத்திரம் ஏந்திய குருவானவர் படகில் வர, ஊர்மக்கள் தங்கள் படகுகளில் சூழ்ந்து வருவார்கள். சிறு வயதிலிருந்தே பங்கின் நற்கருணைப் பவனியில் தவறாமல் நடந்தவர் என் அம்மா. இவ்வளவு தூரம் இன்னொரு முறை வர அவர் உடல் இடம்கொடுக்காது. ஞாயிறன்று நாங்கள் பார்த்ததெல்லாம் சுற்றுலாப் படகுகளையும் கூட்டத்தையும்தான்.

“நீங்களே தேதியைப் பார்த்திருக்கலாமே” என்றார் உங்கள் ஊழியர். அதைப் பார்க்கத்தானே திட்டமிடலுக்கெனத் தனிக் கட்டணம் வாங்கினீர்கள்? அந்தப் பதில் எனக்குப் பயணத்தை விடவும் வருத்தம் தந்தது.

திட்டமிடல் கட்டணம் முழுவதையும், ஹால்ஸ்டாட் நாளுக்கான விடுதி, போக்குவரத்துச் செலவையும் திருப்பித் தர வேண்டும். என் தாயார் பெயருக்கு எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

2026இல் இவ்விழா ஜூன் 4 அன்று வருகிறது. அந்த வாரத்துக்குப் பதிவு செய்திருப்பவர்களின் திட்டங்களை இப்போதே சரிபாருங்கள். ஜெர்மனி போகிறவர்களுக்கு மாநிலவாரியாகப் பார்க்க வேண்டும்: மியூனிக்கில் அன்று விடுமுறை, பெர்லினில் வேலைநாள்.

பயணத் திட்டம், மின்னஞ்சல், ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தூத்துக்குடி