ஒரே வரியில் முடிந்துபோகும் மேல்முறையீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன், கோத்தகிரியில் வசிக்கிறேன். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருப்பதால் எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் அதிகம். பென்ஷன் காகிதங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள், மனு எழுதிக் கொடுப்பேன். கால் போனவர், காது போனவர் மனுவெல்லாம் எப்படியோ கரை சேர்ந்துவிடுகிறது. மனநோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் மனுதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர். பனிமலை உச்சியில் போஸ்டிங் முடித்து சமவெளி ஸ்டேஷனுக்கு வந்த ஐந்தாம் மாதம் தூக்கம் கெட்டது, தனியாகப் பேச ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்று போட்டு வீட்டுக்கு அனுப்பியது. கூடவே இன்னொரு வரியும் எழுதியது: நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை. பட்டாளத்தில் இதை, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, 'நானா' (NANA) என்று சுருக்கிச் சொல்வோம். அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால் டிஸபிலிட்டி பென்ஷன் கிடையாது.

அவர் மனைவி தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறார். போன மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பாலிதீன் கவரில் சுற்றிய காகிதங்களோடு வந்தார். முதல் மேல்முறையீட்டுக்கு வந்த பதில் ஆங்கிலத்தில் இருந்தது. "அண்ணா, இதுல என்னதான் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். படித்துப் பார்த்தேன். போர்டு எழுதிய அதே வரியைத்தான் திரும்ப எழுதியிருந்தார்கள். நோய் சமவெளியில் ஆரம்பித்ததாம், இயல்பிலேயே வரும் நோயாம், ஆகவே நிராகரிக்கப்படுகிறதாம். பனிமலையில் அவர் எத்தனை மாதம் இருந்தார் என்று ஒரு சொல் இல்லை.

அவரை நான் போய்ப் பார்த்தேன். சாயங்காலம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்ததும் எழுந்தார். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைத் தாழ்போட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மனைவியைச் சேர்த்து மூன்று. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். பனி விலகும் வரை எண்ணிக்கொண்டே இருந்தார். தினமும் இப்படித்தான் என்றார் அவர் மனைவி. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் பனிதான்!

இத்தனைக்கும் விதியில் வழி இருக்கிறது. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான 2008-ஆம் ஆண்டு வழிகாட்டியே சொல்கிறது: போர்ப் பகுதியிலோ, மிக உயரமான மலைப் பகுதியிலோ, ஆள் அரவமற்ற காவல் நிலையிலோ பணிபுரியும்போது மனநோய் வந்தால் அதைப் பணியால் வந்ததாக ஏற்க வேண்டும். சிக்கல் அந்த 'பணிபுரியும்போது' என்ற இடத்தில்தான். மனசு, இறங்கி வந்த அன்றே உடைவதில்லை. கீழே வந்து, கொஞ்சம் ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு வெளியே தெரிகிறது. போர்டு தேதியைப் பார்க்கிறது, அதற்கு முந்தின போஸ்டிங்கைப் பார்ப்பதில்லை.

உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது. சேரும்போது நோய் என்று எதுவும் பதிவாகவில்லை என்றால் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும், பிறகு வந்தது பணியால் இல்லை என்றால் அதற்குக் காரணம் காட்ட வேண்டியது அரசு, சந்தேகம் வந்தால் பலன் சிப்பாய்க்கு. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு நோயை ஆள் எடுக்கும்போது கண்டுபிடிக்க முடியாமல் போகலாம், அதனால் அந்த அனுமானம் மட்டும் போதாது என்று தீர்ப்பு வந்தது. சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் ஒவ்வொருவர் வழக்கையும் தனியாகப் பார்த்து, ஏன் இல்லை என்று எழுத வேண்டும் அல்லவா? 2025-இல் மனச்சிதைவால் வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: காரணம் எழுதாத போர்டு முடிவை வைத்துக்கொண்டு பென்ஷனை மறுக்கக் கூடாது.

நான் கேட்பதும் அவ்வளவுதான். மேல்முறையீட்டுக் கமிட்டி காரணத்தை எழுதட்டும். எங்கெங்கே பணிபுரிந்தார், எந்த மாதம் லீவு மறுக்கப்பட்டது, கமாண்டிங் ஆபீசர் என்ன எழுதினார், இதையெல்லாம் பார்த்தோம், இன்னின்ன காரணத்தால் ஒப்பவில்லை என்று எழுதட்டும். கூடவே தமிழில் ஒரு பக்கம் வைத்து அனுப்பட்டும். எழுத உட்கார்ந்தாலே பல வழக்குகளில் 'இல்லை' என்று எழுத முடியாது என்பது என் நம்பிக்கை.

பணம் பெரிய தொகை இல்லை. டிஸபிலிட்டி பென்ஷனில் ஊனத்துக்கென்று தரும் பங்கு நூறு சதவீத ஊனத்துக்கே கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், ஊனம் குறைந்தால் அதற்கேற்பக் குறையும். நோயால் வெளியேற்றப்பட்டவருக்கு 40 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள். ஆனால் அந்த வீட்டில் அது மாத்திரைக்கும் அரிசிக்கும் ஆகும்.

முதல் மேல்முறையீடு, இரண்டாவது மேல்முறையீடு இரண்டிலும் கமிட்டி கைவிரித்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையில். மேட்டுப்பாளையம் இறங்கி, ராத்திரி ரயில் பிடித்து, சரியான தூக்கம் இல்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் எத்தனை வாய்தாவுக்குப் போய்வருவார்? ஆண்டுக்கு இரண்டு முறையாவது கோவையில் அமர்வு வைத்தால் மலையில் இருப்பவர்களுக்குப் பேருதவி.

உங்கள் பத்திரிகை வழியாக எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நிராகரிப்புக் கடிதம் வந்தால் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் மேல்முறையீட்டுக்குக் கெடு. கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்துக்குக் காரணம் எழுதி மனுப் போடுங்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விதிகள் புதியவை, அவர்கள் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு தாள் மட்டும் போதாது. அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அந்தத் தம்பியின் மனைவியிடம் பதினோரு கடிதம் இருந்தது. ஏழாவது கடிதத்திலேயே, ராத்திரியில் ஆட்களை எண்ணிப் பார்க்காமல் படுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அனுப்பிய இடம் பனிமலை. இரண்டாவது மேல்முறையீட்டில் அதன் நகலை முதல் இணைப்பாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் கிளார்க்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.