கால இடைவெளிக் கணக்குகள்: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் இப்போது கணக்குப் பாடத்தில் கால இடைவெளியைக் கண்டறியப் பயின்று வருகிறார்கள். ஒரு செயல் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கொடுத்துவிட்டு, இடையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று கேட்கும் கணக்குகள் இவை. நான்கு இலக்க எண்களைத் தயங்காமல் கழிக்கும் பிள்ளைகள்கூட இந்தப் பகுதிக்கு வந்ததும் தடுமாறுவதையும், வீட்டுப்பாடத்தில் சரியாக வரும் விடை வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே வைக்கும் சிறு தேர்வில்) தவறிப்போவதையும் வகுப்பாசிரியர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று பெற்றோர் சிலர் என்னிடம் வந்து வருந்தியதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் பயிற்சி ஏடு என் மேசையில் இருக்கிறது. காலை 10.45 மணிக்குப் புறப்பட்ட பேருந்து பிற்பகல் 1.20 மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தது. பயண நேரம் எவ்வளவு என்பது கணக்கு. பிற்பகல் 1.20 என்பதை 13.20 என்று சரியாக மாற்றி, அதன் கீழே 10.45 என எழுதி, கோடு போட்டுக் கழித்து, 2.75 என்று விடை கண்டு, 2 மணி 75 நிமிடம் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். ரூபாய், பைசாவாக இருந்தால் இந்த விடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே புள்ளி வைத்துக் கழித்துப் பழகிய பிள்ளைக்கு, அதே புள்ளியோடு மணியும் நிமிடமும் வரும்போது அதே வழியில் கழிக்கத்தான் தோன்றும். ஒரு ரூபாய்க்கு 100 பைசா, ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் கடன் வாங்கும் அந்த இடத்தில், கை பழைய பழக்கப்படி 100 வாங்கிவிடுகிறது.

இங்கே பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. 60 வாங்க வேண்டிய இடத்தில் 100 வாங்கினால், விடை எப்போதும் சரியாக 40 நிமிடம் கூடுதலாக வரும். மேற்சொன்ன கணக்கின் சரியான விடை 2 மணி 35 நிமிடம். மாணவி எழுதியது 2 மணி 75 நிமிடம். 75 நிமிடம் என்பது கண்ணில் உறுத்துவதால் யாராவது திருத்திவிடுவார்கள். உறுத்தாமல் நழுவிவிடும் விடைகளே எனக்குக் கவலை தருகின்றன. காலை 8.55 முதல் 10.05 வரை எவ்வளவு நேரம் என்று கேட்டால், அதே தவறான வழியில் 1.50 என்று விடை வரும்; 1 மணி 50 நிமிடம் என்பது பார்வைக்குப் பொருத்தமாகவே இருப்பதால் பிள்ளைக்கும் ஐயம் எழாது, பெரியவர்களும் சரி என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் கழிந்த நேரம் 1 மணி 10 நிமிடம்தான். ஆகவே விடை 40 நிமிடம் கூடியிருந்தால், பிள்ளைக்குக் கழித்தல் தெரியவில்லை என்று முடிவு கட்டாமல், கடன் வாங்கிய இடத்தை மட்டும் சுட்டிக்காட்டுங்கள்.

விடை சரியாக ஒரு மணி நேரம் பிசகியிருந்தால் கழித்தலை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 2.50 மணிக்குச் சிறிய முள் மூன்றை ஏறக்குறையத் தொட்டு நிற்பதால், பல பிள்ளைகள் அதை 3.50 என்று படித்துவிடுகிறார்கள். கைவினை வகுப்பில் நாம் செய்யும் அட்டைக் கடிகாரத்தில் இரண்டு முட்களும் தனித்தனியே சுழலுமாதலால், பெரிய முள் நகர நகரச் சிறிய முள்ளும் சிறிது சிறிதாக நகர்வதை அதில் காண முடியாது. கைப்பேசியில் எண்களாகவே நேரம் பார்க்கும் வீடுகளில், முள் வைத்த சுவர்க்கடிகாரம் ஒன்று பிள்ளையின் கண்ணில் படும் உயரத்தில் இருப்பது நல்லது. விலை உயர்ந்தது தேவையில்லை, ஓடினால் போதும்.

வகுப்பில் நாங்கள் முதலில் கற்பிப்பது கழித்தல் முறையை அன்று. எண்கோட்டைப் போல ஒரு நேரக்கோடு வரைந்து, தொடக்க நேரத்தை இடப்பக்கம் குறித்து, அங்கிருந்து முன்னோக்கித் தாவச் சொல்கிறோம். 10.45இலிருந்து 11.00க்கு 15 நிமிடம், 11.00இலிருந்து 1.00க்கு 2 மணி நேரம்; 1.00இலிருந்து 1.20க்கு 20 நிமிடம். நிமிடங்களைத் தனியே கூட்டினால் 35, ஆக 2 மணி 35 நிமிடம். இதில் கடன் வாங்கும் வேலையே இல்லை. நண்பகல் 12ஐக் கடப்பதும் தனிச் சிக்கலாகத் தோன்றாது. சில பிள்ளைகள் முதலில் முழு மணிகளைத் தாவி, மிச்ச நிமிடங்களைப் பிறகு எண்ணுகிறார்கள். 8.20 முதல் 11.50 வரையிலான கணக்கில், 8.20இலிருந்து 11.20க்கு 3 மணி நேரம், பிறகு 30 நிமிடம் என்று செல்வதே சுருக்கமான வழி. எந்த வழியில் தாவினாலும் சரிதான். உங்கள் வழியில்தான் தாவ வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். மணி, நிமிடம் என்று தனித்தனிக் கட்டம் போட்டு 60 கடன் வாங்கிக் கழிக்கும் முறையை, நேரக்கோடு கைவந்த பிறகு ஐந்தாம் வகுப்பில் நாங்களே கற்பிப்போம். அதற்கு முன்னரே வீட்டிலோ தனிப்பயிற்சியிலோ அதைத் திணித்தால், இரண்டு முறைகளும் குழம்பி, மேலே காட்டிய 2.75தான் திரும்பவும் வந்து நிற்கும்.

வீட்டில் பயிற்சி கொடுக்கத் தனி வினாத்தாள் எதுவும் வேண்டியதில்லை. பல வீடுகளில் தொங்கும் நாட்காட்டித் தாளிலேயே நல்ல கணக்குகள் அச்சாகி வருகின்றன. ராகு காலத்தில் நம்பிக்கை வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். கணக்குக்கு அது மிகவும் பயன்படும். திங்கட்கிழமை 7.30 முதல் 9.00 வரை, செவ்வாய்க்கிழமை 3.00 முதல் 4.30 வரை என்று நாளுக்கு நாள் நேரம் மாறினாலும் இடைவெளி மாறுவதில்லை. செவ்வாய்க்கிழமைக்குரியதைப் பிள்ளை எளிதாகச் சொல்லிவிடும். புதன்கிழமைக்குரிய 12.00 முதல் 1.30 வரை என்பதைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றரையிலிருந்து பன்னிரண்டை எப்படிக் கழிப்பது என்று பிள்ளை திகைக்கும் அந்த இடத்தில்தான் கற்றல் தொடங்குகிறது. எல்லா நாளும் ஒன்றரை மணி நேரமே என்று பிள்ளை தானே கண்டறிந்த பின், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் நாழிகைக் கணக்கையும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம், 60 நாழிகை ஒரு நாள். அப்படியானால் ராகு காலம் எத்தனை நாழிகை என்று கேட்டால், மூன்றே முக்கால் என்ற விடைக்கு வர ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நன்றாகவே உழைக்க வேண்டியிருக்கும்.

பின்னோக்கிச் செல்லும் கணக்குகளில்தான் நம் மாணவர்கள் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள். இதற்குச் சமையலறையை விடச் சிறந்த இடம் இல்லை. பிற்பகல் 1.15க்குச் சோறு தயாராக வேண்டும், அரிசி அரை மணி நேரம் ஊற வேண்டும், பிறகு வேகவும் வடிக்கவும் 25 நிமிடம் ஆகும் என்றால், எத்தனை மணிக்கு அரிசியைக் களைந்து ஊறப்போட வேண்டும்? 1.15இலிருந்து 25 நிமிடம் பின்னே வந்தால் 12.50, அங்கிருந்து அரை மணி நேரம் பின்னே வந்தால் 12.20. விடையைச் சொல்லிவிட்டு, அந்த நேரத்திலேயே பிள்ளையின் கையால் அரிசியை ஊறப்போடச் செய்தால், கணக்கு சரியா என்பதை அடுப்பே சொல்லிவிடும்.

இரவுப் பயணக் கணக்குகள் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் உரியவை. இரயில் பயணச்சீட்டில் புறப்பாடு 21.40, வருகை 05.15 என்று இருந்தால், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கும் பழக்கத்தில் 16 மணி 25 நிமிடம் என்று எழுதிவிடுகிறார்கள். நள்ளிரவில் ஒரு முறை நின்று செல்லச் சொல்லுங்கள்: 21.40இலிருந்து 24.00க்கு 2 மணி 20 நிமிடம், அதன் பின் 5 மணி 15 நிமிடம், ஆக 7 மணி 35 நிமிடம். பழைய பயணச்சீட்டு வீட்டில் இருந்தால் பெயர் முதலிய விவரங்களை மறைத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம், வகுப்பில் பயன்படுத்திக்கொள்வோம். தேதிக் கணக்குகள் இந்தப் பகுதியில் இல்லை. ஆயினும் 12ஆம் தேதி முதல் 18ஆம் தேதி முடிய நடக்கும் முகாம் ஆறு நாளா ஏழு நாளா என்று வீட்டில் விவாதிப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

வீட்டுப்பாடத்தில் பிள்ளை எழுதிய தவறான விடையை அழித்துவிட்டுச் சரியான விடையை எழுதவைக்காதீர்கள் என்று ஒவ்வொரு பெற்றோரையும் வேண்டிக்கொள்கிறேன். எங்கே பிசகியது என்பதை அந்தத் தவறான விடையிலிருந்துதான் ஆசிரியர் அறிந்துகொள்கிறார்; அழிக்கப்பட்ட ஏட்டில் அவருக்கு எதுவும் தெரிவதில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்து அடுத்த முயற்சியில் சரியாக வந்தால், அதை அடுத்த வரியில் எழுதச் சொல்லி, ஓரத்தில் உங்கள் கையொப்பம் இடுங்கள்.

தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வுக்கு) முன்னர் இப்பகுதி மீண்டும் ஒரு முறை முழுமையாக வகுப்பில் நடத்தப்படும். வெள்ளிக்கிழமைதோறும் மாலை 3.40 முதல் 4.20 வரை வகுப்பாசிரியர்கள் பெற்றோர்களைச் சந்திப்பார்கள். வரும்போது பிள்ளையின் கணக்குப் பயிற்சி ஏட்டை மறவாமல் கொண்டுவாருங்கள். பிள்ளையும் உடன் வந்து, நேரக்கோட்டில் தான் எப்படித் தாவுகிறது என்பதை உங்கள் முன்னிலையில் செய்துகாட்டட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்