நரியை ஏய்த்த பிள்ளைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் பகுதிகளில் வரும் தேவதைக் கதைகளில் பெண்பிள்ளை தூங்குகிறாள், அழுகிறாள், இல்லாவிட்டால் யாராவது வந்து மீட்கும்வரை காத்திருக்கிறாள். இதற்கு மாற்றென்று எழுதப்படும் கதைகளும் முன்பள்ளியில் எடுபடுவதில்லை. அவள் கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஆணும் பெண்ணும் சமமென்று புத்தி சொல்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளை சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

சிரிப்பும் துணிச்சலும் நாட்டார் கதைகளில் ஏற்கெனவே உண்டு. பாட்டியைப் பார்க்கப் போய் ஓநாயிடம் சிக்கும் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையையே எடுங்கள். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ள்ஸ் பெரோ அச்சிட்ட கதையில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது, அத்தோடு சரி. 1812இல் கிரிம் சகோதரர்கள் வேட்டைக்காரன் ஒருவனை அனுப்பி அவளை மீட்டார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் கிராமப்புறத்தில் எழுதியெடுக்கப்பட்ட வாய்மொழிக் கதையொன்றில் மீட்க ஒருவரும் வருவதில்லை. பாட்டி வேடத்தில் படுத்திருக்கும் ஓநாயிடம் அவள் வெளிக்குப் போகவேண்டும் என்கிறாள். அது அவள் காலில் நூலைக் கட்டி அனுப்புகிறது. அவள் நூலை அவிழ்த்து முற்றத்து மரத்தில் கட்டிவிட்டு ஓடித் தப்புகிறாள்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்லச் சில மாற்றங்கள் போதும். ஓநாய் இங்கில்லை, நரி வரட்டும். மட்டக்களப்புப் பக்கம் மணமான மகள் பெரும்பாலும் தாயின் வளவிலேயே குடியிருப்பதால் அம்மம்மா கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார். எனவே சிறுமி போவது அப்பம்மா வீட்டுக்கு. மரம் முருங்கையாக இருக்கட்டும். அதன் கொப்பு லேசில் முறியும். நரி ஓடிவந்து கயிற்றை இழுக்க, கொப்பு அதன் தலையிலேயே விழும்.

சொல்லும்போது இரண்டு மீற்றர் கயிறு வேண்டும். ஒரு நுனி சொல்பவர் கையில், மறுநுனி கதிரைக் காலில். பிள்ளையின் காலில் கட்டவே கூடாது, சிரித்துத் துள்ளும்போது விழுந்துவிடும். நரி மூன்று முறை “முடிஞ்சுதா மனே?” என்று கேட்க வேண்டும். முதல் இரண்டு முறையும் பிள்ளைகள் எல்லோரும் “இன்னும் இல்ல!” என்று கத்துவார்கள். பிறகு முடிச்சவிழ்ப்பதை விரல்களால் மெதுவாகச் செய்து காட்டி, வாயில் விரல் வையுங்கள். மூன்றாம் கேள்விக்குப் பதில் வராது. அந்த அமைதியை அவசரப்பட்டுக் கெடுக்காதீர்கள். சிரிப்பு வெடிப்பது அதற்குப் பிறகுதான். நரியின் குரல் மூக்கால் வரட்டும். அடித்தொண்டையால் உறுமினால் சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்கும், அதன்பின் கதை நகராது. ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

இத்தகைய கதைகள் கெடுவது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளை மொக்கர்களாக்குவதால். கேட்டிருக்கும் பையன்களின் முகம் வாடிவிடும். சிரிப்பு பலமுள்ள நரியின் மேல்தான் விழ வேண்டும். கதையில் தம்பி ஒருவன் வந்தால் அவன் பிட்டு அவிக்கட்டும், ஆனால் அதைப் பகிடியாக்காதீர்கள். பகிடியாக்கினால் சமைப்பது ஆணுக்கு வெட்கம் என்பதையே பிள்ளைகள் படிப்பார்கள்.

தங்கள் சிறுவர் பகுதியில் மாதம் ஒரு தடவையாவது இப்படியொரு கதைக்கு அரைப்பக்கம் ஒதுக்குமாறு கேட்கிறோம். இருநூறு சொல்லுக்குள், பெரிய எழுத்தில். படம் வரைபவரிடம் அவளுடைய கண்ணிமைகளை விட்டுவிட்டு, முடிச்சவிழ்க்கும் விரல்களைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.

முன்பள்ளி ஆசிரியைகள் சிலர்,
களுவாஞ்சிகுடி.